பேணாட்டுக்குக் கொடுத்த சமாதானம்

அவித்த நண்டின் ஓட்டைக் கத்தி முனையால் நெம்பி, சதை சிதையாமல் எடுத்து ஞானமலர் கிண்ணத்தில் போட்டாள். மேசைக்கு இரண்டு பேர். அவளுக்கு எதிரே இருந்த கதிரை அன்று காலையிலிருந்து காலி. மூன்று வருடமாக அதில் அமர்ந்து நண்டு உடைத்தவள் கிண்ணியாவிலிருந்து வரும் நஜ்முன் நிஸா. அவளைத் தொழிற்சாலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சுப்பர்வைசர் பேணாட் வந்து ஒரு கடதாசியை மேசையில் வைத்தான். கொழும்புக்குப் போன நண்டுச் சதை நாறிவிட்டதென்று திரும்பி வந்திருந்தது. நிஸா கை கழுவாமல் வேலை செய்ததை ஞானமலர் கண்ணால் கண்டதாக அந்தக் கடதாசியில் எழுதியிருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"நான் அப்பிடிக் காணேல்ல சேர். புதன்கிழமை ஐஸ் வரேல்ல. பரவாயில்ல, உடையுங்கோ எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்."

"மெதுவாக் கதையுங்கோ அக்கா." பேணாட் குனிந்தான். "நீங்கள் கையெழுத்து வைக்காட்டி பழி இந்த மேசைக்குத்தான். உங்கட வேலையும் போகும். நாங்கள் ஒரே கோயில் ஆக்கள். சண்டை என்னத்துக்கு? சமாதானமாப் போவம்."

வீட்டில் உழைப்பது அவள் ஒருத்திதான். கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் வரை அது பைக்குள்ளேயே இருந்தது. பிறகு அதை எடுத்து, பின்பக்கத்தில், புதன்கிழமை ஐஸ் வராததையும் யார் உடைக்கச் சொன்னது என்பதையும் நாலு வரியில் எழுதிக் கையெழுத்து வைத்தாள். அந்தக் கடதாசியோடு, கூட வேலை செய்யும் பெண்களின் பாலையூற்று வீடுகளுக்கு நடந்தாள்.

"என்னக்கா, கலியாணக் காட் குடுக்க வந்தனீங்களோ?" என்றாள் சுதர்ஷிகா.

"ஓம். சுப்பர்வைசருக்குத்தான் கலியாணம். வாசிச்சுப் பார்."

சுதர்ஷிகா வாசித்தாள். சிரிப்பு நின்றது. "எனக்கு ஏலாதக்கா. குறை நினைக்காதீங்கோ."

மற்ற ஏழு பேர் கையெழுத்து வைத்தார்கள்.

ஞாயிறு பூசையில் பேணாட்டும் மனைவியும் அவளுக்கு முன்வரிசையில் நின்றார்கள். ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கும்படி பாதர் சொன்னதும், பேணாட் கைகூப்பித் திரும்பினான்.

"சமாதானம் அக்கா."

ஞானமலர் பைக்குள் கைவிட்டாள். கடதாசியை எடுத்து அவன் கூப்பிய கைகளுக்கு நடுவே செருகினாள்.

"இதையும் வைச்சிருங்கோ தம்பி. அந்தப் பிள்ளையத் தெருவில விட்டிட்டு எனக்குச் சமாதானம் வேண்டாம். நாளைக்கு முதலாளிட்ட நீங்களே குடுத்தா நல்லம். இல்லாட்டி நாங்கள் எட்டுப் பேரும் நேரில போய்ச் சொல்லுவம்."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது. பேணாட்டின் மனைவி எட்டி வாசித்தாள்.

"இஞ்சேருங்கோ, அண்டைக்கு ஐஸ் வரேல்லையோ?"

அவன் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பீடத்தில் பாதர் கொடுத்த நன்மை அப்பத்தை வாங்கவும் எழும்பவில்லை. ஞானமலர் போய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்று பின்னேரமே நிஸாவை வேலைக்கு வரச்சொல்லிப் பேணாட்டின் போன் போனது. பூசையில் நடந்ததைக் கேள்விப்பட்டிருந்த அவள், திங்கட்கிழமை காலை பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிவந்தாள்.

"உங்கட ஆண்டவர் என்ன சொன்னவராம் அக்கா?"

"ஆண்டவர் ஒண்டும் சொல்லேல்ல. நான்தான் பூசைக்குள்ள வாயக் குடுத்திட்டன்."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். முற்றத்தில் ஐஸ் லொறி தண்ணீர் சொட்ட நின்றது. இவ்வளவு நேரத்தோடு அது வந்து அவர்கள் கண்டதில்லை.

வாசலில் பேணாட் நின்றான். "எல்லாரும் போகலாம். நஜ்முன் நிஸா மட்டும் ஒவ்வொரு நாளும் கையக் காட்டிப்போட்டுப் போகோணும். மேலிடத்து ஓடர்."

நிஸாவின் முகம் சுருங்கியது. இரண்டு கைகளையும் நீட்டினாள். பக்கத்தில் ஞானமலரும் நீட்டினாள்.

"உங்களைக் கேக்கேல்லை அக்கா."

"பாருங்கோ தம்பி. வடிவாப் பாருங்கோ."

பின்னால் நின்றவள் நீட்டினாள். அவளுக்குப் பின்னால் சுதர்ஷிகாவும் நீட்டினாள். முற்றம் வரை நாற்பது கைகள். ஐஸ் தண்ணீரில் வெளிறி, நண்டு ஓடு கீறி, நகக்கண் வெடித்த கைகள். ஒருவரும் உள்ளே போகவில்லை.

பேணாட் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வழியை விட்டு விலகினான்.