ஒரு செருமல், இரண்டு செருமல்

மேயர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் முதலில் பார்ப்பது பார்வையாளர் வரிசையைத்தான். அங்கே முதல் இருக்கையில் அவளுடைய கணவர் வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். பழைய கவுன்சிலரான அவர் அதை ஏதோ அச்சுப்பிழை என்றுதான் எடுத்துக்கொண்டார். அவர் ஒருமுறை செருமினால் தீர்மானம் நிறைவேற வேண்டும், இருமுறை செருமினால் தள்ளிப்போக வேண்டும். ஊரையே தொண்டையால் ஆள்வதால் கிராம்பு. உறுப்பினர்களுக்கும் இது அத்துப்படி. விவாதத்தில் குறட்டை விடுகிறவர்கூடச் செருமலுக்கு விழித்துக் கையைத் தூக்கிவிடுவார்.

அன்றைக்கு வந்தது சந்தைப் பெண்களுக்கான கழிப்பறை. அந்த இடத்தில் கடைகள் கட்டக் கொழுந்தனாருக்கு ஆசை. அவளோ சின்ன வயதில் அதே சந்தையில் அம்மாவின் காய்கறிக் கூடைக்குப் பக்கத்தில், பொழுது சாயும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். நினைத்தால் இப்போதும் அடிவயிறு கடுக்கும்.

"அவங்க எங்கதாங்க போவாங்க?" என்று காலையில் கேட்டுப் பார்த்தாள்.

"அதெல்லாம் உனக்கெதுக்கு? ரெண்டு தடவ செருமுவேன். தள்ளி வெச்சிடு."

வழக்கம்போலத் தலையாட்டினாள். ஆட்டிய தலையைக் காரில் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள்.

செயலாளர் தீர்மானத்தை வாசித்து முடித்தார். கணவர் முதல் செருமலுக்கு மூச்சை இழுத்தார். கிராம்பு போகக்கூடாத வழியில் போய்விட்டது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று இருமல் நிற்காமல் வந்தது. உறுப்பினர்கள் கையைத் தூக்கினார்கள், இறக்கினார்கள், மறுபடி தூக்கினார்கள். நிறைவேற்றுவதா தள்ளிவைப்பதா என்று ஒருவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்க, தான் எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டதாக அவர் சொன்னார். யாரோ நினைத்துக்கொள்கிறார்கள் போல என்றார் எதிர்க்கட்சி அம்மா.

"பாவம், வெளிய கூட்டிட்டுப் போய்த் தண்ணி குடுங்க. மெதுவா வரட்டும்," என்றாள் மேயர்.

வேண்டாம் வேண்டாம் என்று அவர் கையை ஆட்டினார். மூச்சு முட்டுகிறது போலிருக்கிறது என்று இரண்டு ஊழியர்கள் அலாக்காகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கதவு மூடியது. எல்லோரும் காலி இருக்கையையே பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டுமே என்று பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே தன் கையைத் தூக்கினாள்.

"கழிப்பறை வேணுங்கறவங்க தூக்குங்க. நான் தூக்கிட்டேன்."

பெண் உறுப்பினர்கள் தூக்கினார்கள். கணவரின் சிநேகிதர்கள் கொஞ்சம் முழித்தார்கள். இதுவும் அவர் செய்த ஏற்பாடாகத்தான் இருக்கும் என்று அவர்களும் தூக்கினார்கள்.

செயலாளர் எண்ணிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. சட்டை நனைந்து, கண்கள் சிவந்து அவர் நின்றார். சபை முழுக்கக் கைகள். தள்ளிவைக்கத்தான் தூக்கியிருக்கிறார்கள் என்ற திருப்தியில், பழைய பழக்கத்தில், அவரும் கையைத் தூக்கினார்.

செயலாளரின் பேனா வாசலைப் பார்த்து நின்றது. "மேடம், இதையும் சேக்கட்டுங்களா?"

கல்யாணமான நாளாக அவர் அவளோடு ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை. அவள் ஆசைதீரப் பார்த்தாள்.

"கணக்குல சேக்காதீங்க," என்றாள். "ஆனா இறக்கவும் சொல்லாதீங்க. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

வாசலில் அவர் கை தூக்கியபடி சிநேகிதர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.