பெயிண்டர் ஒரு வாரம் முந்திப்போன கதை

பெயிண்டர் தன் மனைவியைவிட ஒரு வாரம் முன்னால் வாழத் தொடங்கியதற்கு நூலகத்தில் இரவல் வாங்கிய ஒலிநூல்கள்தான் காரணம். இதில் தெருவில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. மனிதருக்குச் சுவரைச் சுரண்டும்போதும் சன்னலுக்குப் பெயிண்ட் பூசும்போதும் காதில் ஒரு கதை ஓடவேண்டும். நூலகம் அதைக் கைப்பேசிக்கே அனுப்பிவைக்கும். தவணை முடிந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும். கொலைகாரன் யாரென்று தெரியப்போகிற இடமாயிற்றே என்றெல்லாம் அது தாட்சண்யம் பார்க்காது. இப்படி ஏமாந்து சூடுபட்டவர், அடுத்த புத்தகத்தை ஒன்றேகால் வேகத்தில் வைத்தார். பிறகு ஒன்றரை. பிறகு இரட்டை. ஆசை யாரை விட்டது? அவர் பூசிய சுவர் பிரஷ்ஷை எடுப்பதற்குள் காய்ந்ததால் வீட்டுக்காரர்களுக்கெல்லாம் ஏக சந்தோஷம்.

அவர் மனைவி டெய்லரம்மா நேர் எதிர். வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டு, பேண்ட்டின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது எல்லாம் செய்துகொண்டே முக்கால் வேகத்தில் கேட்பார். நல்ல இடம் வந்தால் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு, கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடியும் கேட்பார். அந்தம்மா மடித்துத் தைத்த ஓரம், பேண்ட்டே நைந்து கிழிந்த பிறகும் கிழியாது.

முந்தியது முதலில் அரைநாள்தான். சாயங்காலம் டீயை நீட்டினால் “இப்பதானே குடிச்சேன்” என்பார் பெயிண்டர். குனிந்து பார்த்தால் டம்ளர் காலியாக இருக்கும். ஒருநாள் முந்தியதும், பதில் இன்றைக்கும் கேள்வி நாளைக்கும் என்று ஆயிற்று. காலையில் சம்பந்தமே இல்லாமல் “அலமாரிக்கு மேல பாரு” என்பார். மறுநாள் கத்தரிக்கோல் காணாமல் போகும். டெய்லரம்மாவுக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். கல்யாணமான நாளிலிருந்து, தொண்டை கிழியக் கேட்டாலும் வாய் திறக்காத மனிதர், கேட்காமலே பதில் சொல்வது லேசுப்பட்ட காரியமா?

ஆனால் இடைவெளி ஒரு வாரத்தைத் தொட்டபோது ஆளே கண்ணில் படவில்லை. துண்டு ஈரமாகக் கொடியில் கிடக்கும், தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும், நாற்காலியில் யாரும் இருக்கமாட்டார்கள். டெய்லரம்மா மிஷினை அப்படியே விட்டுவிட்டு நாத்தனார் வீட்டுக்கு ஓடினார். பெயிண்டரின் அக்காவான அவர் மின்நூல்காரி. எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒரு பக்கத்துக்கு ஒரு சொல் என்று படிப்பவர்; எதிர்வீட்டு மாடியில் இருப்பவர்களும் கூடவே படித்து, “அடுத்த பக்கம் தள்ளுங்க” என்று குரல் கொடுப்பார்கள்.

“அண்ணி, எனக்குப் பயமா இருக்கு. அவர் இப்படியே ஓடி முழுசையும் முடிச்சிடுவாரு. நான் பாதியிலயே தனியா நிப்பேன்.”

“அவனை எப்படிம்மா பிடிச்சு நிறுத்துறது? பொறக்கும்போதே மாசம் முந்திப் பொறந்தவன்” என்று சொல்லிவிட்டு நாத்தனாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த டெய்லரம்மா, அடக்கமாட்டாமல் “எங்கங்க இருக்கீங்க?” என்று வாய்விட்டு அழுதார். அழுகையின் நடுவில்தான் பொறி தட்டியது. போன வாரம், ஆள் மறைவதற்கு முன்னால், சாப்பிடும்போது பெயிண்டர் தட்டைப் பார்த்தபடி சொன்னார்: “இங்கதான்டீ இருக்கேன். மெதுவா வச்சா தூக்கம் வந்திடுது, திரும்பி வரத் தெரியலை. நீ வா.” மனிதருக்குப் பெயிண்ட் வாடை மண்டைக்கேறிவிட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்திருந்தார்.

ஒரு பெரிய நாவலுக்கு மாதக்கணக்கில் வரிசையில் காத்திருந்து, அந்த வாரம்தான் டெய்லரம்மாவின் முறை வந்திருந்தது. ஊருக்கே ஒரு பிரதி. இதை விட்டால் எப்போது கிடைக்குமோ. முக்கால் வேகத்தில், சொட்டுச் சொட்டாகக் கேட்கவேண்டும் என்று ஆசை ஆசையாய் வைத்திருந்தார். அதைத் திறந்து இரட்டை வேகத்தில் வைத்தார். படிப்பவளின் குரல் அணில் கத்துவதுபோல் இருந்தது. பேர் மனதில் பதிவதற்குள் கதாநாயகிக்குக் கல்யாணமாகி, பேரனும் பிறந்துவிட்டான். ஊசி தாறுமாறாக ஓடி, ஒரு வக்கீலின் பேண்ட்டுக்கு ஒரு கால் முழங்காலோடு நின்றது. ஒரே முற்பகலில் அந்தம்மா மூன்று தடவை வாசல் பெருக்குவதைத் தெரு பார்த்தது. சுவரில் தேதித்தாள்கள் தாமாகக் கிழிந்து விழுந்தன. அப்புறம் வாசலில் அவரைக் காணவில்லை.

கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நாற்காலிப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. முழங்கையில் நீலப் பெயிண்ட்டோடு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

“வந்துட்டியா? கதை எப்படி?”

“ஒரு எழவும் புரியலை! நீங்களும் உங்க வேகமும்!” தோளில் நாலு சாத்து சாத்திவிட்டு, அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். அழுது முடித்ததும் காதொலிப்பானின் ஒரு பக்கத்தை அவர் காதில் செருகினார். “முதல்ல இருந்து போடுங்க.”

“ஒன்றேகால்?”

“முக்கால்.”

“தூங்கிடுவேன்டீ.”

“சரி, ஒண்ணு. அதுக்கு மேல ஒரு புள்ளி ஏறுச்சு, சாப்பாடு கிடையாது.”

பெயிண்டர் சிறிது நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். “ஏய், இந்தப் பொண்ணு நடுவுல மூச்சு விடுது!”

“மூச்சு விடாம யாரு படிப்பா? பேசாம கேளுங்க.”

அன்றிலிருந்து இருவரும் தெருவைவிட ஒரு வாரம் முன்னால், நிம்மதியாக இருக்கிறார்கள். வாசல் ஆணியில், யாரும் இன்னும் கொண்டுவராத பேண்ட்டுகள் தைத்து மடித்துத் தொங்கும். வக்கீலுடையதும் உண்டு, இரண்டு காலும் ஒரே நீளத்தில். எடுத்துக்கொண்டு போய்விட்டு, கிழிந்ததைச் சாவகாசமாகக் கொண்டுவந்து வைப்பது தெருவுக்குப் பழகிவிட்டது. நாத்தனார் மட்டும் ஒருநாள் அந்த வாசலில் நின்று, “உங்க ரெண்டு பேரையும் நான் எப்பதான் பாக்குறது?” என்று குறைப்பட்டார். கேட்ட பிறகுதான், போன வாரம் படித்துக்கொண்டிருந்தபோது தம்பி மனைவியின் குரல் காதருகில் சொன்னது என்னவென்று புரிந்தது.

“அவசரமே இல்ல அண்ணி, மெதுவா வாங்க. நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்.”

நாத்தனார் சரியென்று தலையாட்டிவிட்டு, எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ள வீட்டுக்குப் போனார்.