ஐந்தடித் தண்ணீர்

மஹாதேவனுக்குப் பென்ஷன் ஆக இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. மீதி வாழ்நாளை எந்த ஊரில் கழிப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை. கல்கத்தாவின் காளிகாட்டில் அவரைத் தெரிந்த தமிழர்கள் அத்தனை பேருக்கும் இதில் ஓர் அபிப்பிராயம் இருந்தது. காசியைத் தவிர வேறு பேச்சே கூடாது என்றார் அடுத்த வீட்டு அனந்தகிருஷ்ணன். மனைவி பாகீரதியின் அண்ணா மாயவரத்திலிருந்து வாரம் ஒரு கடிதம் போட்டு, தன் வீட்டுக்கு அடுத்த வீட்டையே பார்த்து வைத்திருப்பதாக நச்சரித்துக்கொண்டிருந்தார். மஹாதேவன் எல்லோருக்கும் தலையை ஆட்டிவிட்டு, ஸ்ரீராம்பூர் என்ற ஊரை மனத்துக்குள் குறித்து வைத்திருந்தார்.

ஹௌராவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கங்கையின் மேற்குக் கரையில், ஒரு காலத்தில் டேனிஷ்காரர்கள் ஆண்ட சின்ன ஊர். கரை நெடுகப் படித்துறைகள், தூண் வைத்த பழைய வீடுகள், எதிர்க்கரையில் அடர்ந்த தோப்பு. இத்தனையும் மஹாதேவனுக்கு அத்துப்படி. ஆனால் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. எல்லாம் ஆபீஸ் மேப்பில் பார்த்ததுதான். பாகீரதி அதைத்தான் நம்பத் தயாராக இல்லை.

எப்படி நம்புவாள்? முப்பது வருஷத்துக்கு முன்னால், புதுப் பெண்டாட்டியிடம் வாசலிலேயே கங்கை ஓடுகிறது என்று சொல்லித்தான் அவளைக் கல்கத்தாவுக்கு அழைத்து வந்தார். மேப்பில் காளிகாட்டை ஒட்டி நீலக்கோடு ஓடியது வாஸ்தவம். வந்து பார்த்தால் அது ஆதிகங்கை. பழைய கங்கையின் தடம், புண்ணியத்துக்குக் குறைவில்லை. ஆனால் கண்ணுக்கு அது ஒரு சேற்று வாய்க்கால். அக்கரையில் பாத்திரம் தேய்ப்பவளோடு இக்கரையிலிருந்தே பேசலாம். பாகீரதி ஒரு வார்த்தை குறை சொல்லாமல் அதிலேயே தினமும் முழுகினாள். அதற்கு 'மேப் கங்கை' என்று பெயர் மட்டும் வைத்தாள். மஹாதேவன் எதிலாவது தப்புப் பண்ணும்போதெல்லாம் அந்தப் பெயர் வெளியே வரும்.

இந்தத் தடவை அவள் கறாராக இருந்தாள். வலது முழங்கால் மூன்று வருஷமாகவே சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அது அடியோடு மடங்க மறுப்பதற்குள், நிஜமான கங்கையில் தன் காலாலேயே இறங்கித் தினம் குளிக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

"நானே வந்து பாக்கணும். எறங்கி மூணு முழுக்குப் போட்டாத்தான் சரின்னு சொல்லுவேன். இல்லேன்னா மாயவரம்தான்" என்றாள்.

மாயவரம் என்றால் மீதி ஆயுளுக்கும் மைத்துனர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. மஹாதேவனால் வெளியே சொல்ல முடியாத இன்னொன்று இருந்தது. அந்த நதியை விட்டுப் போக அவருக்கு மனசில்லை.

அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவருக்கு உத்தியோகம் கார்டன் ரீச்சில், நதிக்கரை ஆபீஸில். தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை அடி ஏறும் என்று கப்பல்காரர்களுக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டு எழுதிக் கொடுப்பதுதான் வேலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் கடல் ஆற்றுக்குள் புகுந்து, ஒரே சுவராக எழும்பி, நீரோட்டத்துக்கு எதிராக ஓடிவரும். வங்காளிகள் அதைப் 'பான்' என்பார்கள். பான் வரும் நிமிஷத்தை மஹாதேவன் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறார். ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் அறை ஜன்னல் நிலக்கரிக் கிடங்கைப் பார்த்து இருந்தது. தவிர, அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். கங்கையைத் தலையில் தாங்கும் சாமியின் பெயரை வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் செம்பில் மொண்டு குளிக்கிற மனுஷர்.

அவருடைய கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உத்தியோகத்துக்குக் கிளம்பும்போது சென்னையில் வாங்கியது. அன்று வைத்த சென்னை நேரத்தை அவர் மாற்றவே இல்லை. கல்கத்தா நேரம் அதைவிட முப்பத்திரண்டு நிமிஷம் முந்தி. மஹாதேவன் கடிகாரத்தைப் பார்த்து, மனத்துக்குள் முப்பத்திரண்டைக் கூட்டிக்கொள்வார். எதற்கு இந்த வம்பு என்று கேட்டவர்களிடம், தேசம் முழுக்க ரயில் ஓடுவது சென்னை நேரத்தில்தான், ஊர்தான் தப்பு, தன் கடிகாரம் தப்பில்லை என்று அடித்துச் சொல்வார்.

பங்குனி அமாவாசை கழிந்த இரண்டாம் நாள் போவதென்று முடிவு செய்தார். அன்றைக்குப் பான் உண்டு. ஸ்ரீராம்பூரில் பதினொன்று பத்துக்கு, ஐந்தடி என்று கணக்குப் போட்டு ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டார். பாகீரதி முதலில் குளித்துவிட வேண்டியது. பிறகு மேலே வந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, கடிதத்தில் பேசி வைத்திருந்த வாடகை வீட்டின் தாழ்வாரத்திலிருந்து இருவரும் பானைப் பார்க்க வேண்டியது. இதைவிட ஒழுங்காக யாராலும் திட்டம் போட முடியாது.

காலையில் டிராமைப் பிடித்து, மிதவைப் பாலத்தைத் தாண்டி ஹௌரா வந்தார்கள். ஸ்டேஷன் கடிகாரத்தையும் தன் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்த மஹாதேவனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. இரண்டும் முள்ளுக்கு முள் ஒன்றாக இருந்தன. ரயில் சொன்ன நிமிஷத்தில் கிளம்பி, சொன்ன நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது. வழியெல்லாம் கடிகாரத்தைத் திறப்பதும், பாகீரதியிடம் காட்டுவதும், மூடுவதுமாக இருந்தார். அன்று காலை முழுக்க அவர் எதையும் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்காரி நிஸ்தாரிணி என்ற வங்காளி விதவை. மாடியில் தான் இருந்துகொண்டு கீழ்ப்பகுதியை வாடகைக்கு விடுவதாக இருந்தாள். பச்சை ஜன்னல்களும் நாலு தூண்களுமாக வீடு சின்னதாக, அழகாக இருந்தது. அடுப்பங்கரையில் வெளிச்சம் போதவில்லை என்று பாகீரதி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நிஸ்தாரிணி தாழ்வாரக் கதவைத் திறந்துவிட்டாள்.

பாகீரதி வாயெடுத்ததை மறந்துவிட்டாள். எதிரே நதி கிடந்தது. அக்கரை மரங்கள் ஒரு விரல் உயரம்தான் தெரிந்தன. பாய் விரித்த படகு ஒன்று நடுவில் போய்க்கொண்டிருந்தது, அது போவதே தெரியவில்லை. முப்பது வருஷமாக எந்தப் பெயரைச் சொல்லிச் சேற்றில் முழுகினாளோ, அது இவ்வளவு பெரியது என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. கையைக் கூப்பினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"இறங்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மஹாதேவன் கடிகாரத்தைத் திறந்தார். பத்து இருபது. பானுக்கு இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கிறது, சாவகாசமாகக் குளிக்கலாம் என்றார்.

வற்றம் முற்றியிருந்த நேரம். தண்ணீர் வெகு கீழே போயிருந்தது. இருபத்தெட்டுப் படி. ஒவ்வொன்றிலும் இடது காலை முதலில் வைத்து, வலதை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள் பாகீரதி. மஹாதேவன் பாதி வழியில், தண்ணீருக்குப் பயந்து, நின்றுகொண்டார். கடைசிப் படியில் அவள் முழங்காலளவு தண்ணீரில் நின்று சங்கல்பம் சொன்னாள். முதல் முழுக்குப் போட்டாள்.

படித்துறையில் வேறு யாருமே இல்லை என்பது அப்போதுதான் மஹாதேவனுக்கு உறைத்தது. கரையோரம் ஒரு படகுகூட இல்லை. எல்லாம் நடு ஆற்றுக்குப் போயிருந்தன. மேலே தாழ்வாரத்திலிருந்து நிஸ்தாரிணி கூப்பிட்டாள். தீதியை மேலே வரச் சொல்லுங்கள், பான் வரும் நேரம் என்றாள். வங்காளிகளுக்கு அக்கா என்றால் தீதி. மஹாதேவன் சிரித்துக்கொண்டே கடிகாரத்தை உயர்த்திக் காட்டினார். பானைப் பற்றி அவருக்கே பாடம் சொல்கிறார்களே என்று அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

பாகீரதி இரண்டாவது முழுக்குப் போட்டாள்.

தெற்கே, ஆறு திரும்பும் இடத்தில், தண்ணீர் மேல் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. கரையிலிருந்து புறப்பட்டுப் பாதி ஆறு வரை நீண்டிருந்தது. கனத்த வண்டி பாலத்தின் மேல் போவதுபோல் ஒரு சத்தம். மஹாதேவன் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பத்தெட்டு. கணக்குத் தப்பாது, கடிகாரமும் தப்பாது, பின்னே இது என்ன என்று ஒரு கணம் குழம்பினார். அப்புறம்தான், சீட்டில் எழுதியது கல்கத்தா நேரம் என்பதும், காலையிலிருந்து கூட்டாமல் விட்ட அந்த முப்பத்திரண்டும் ஞாபகம் வந்தன.

படியில் இறங்கி ஓடினார். பாசி வழுக்கியதும் தெரியவில்லை, தண்ணீரில் கால் பட்டதும் தெரியவில்லை. அவள் கையைப் பற்றி இழுத்தார். அவள் முழங்கால் அவசரத்துக்கு மடங்கவில்லை. மூன்று படி ஏறுவதற்குள் சத்தம் பக்கத்தில் வந்துவிட்டது. படிச்சுவரில் படகு கட்டும் இரும்பு வளையம் ஒன்று இருந்தது. அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும், அவளைப் பிடிக்க ஒரு கை வேண்டும். கடிகாரம் இன்னும் கைக்குள் இருந்தது. விரலை விரித்தார்.

பான் வந்தது. நுரை தள்ளிக்கொண்டு, கரையை அறைந்துகொண்டு, ஆறு முழுசாக எழுந்து நின்று வந்தது. இரண்டு பேர் தலைக்கு மேலும் போயிற்று. காதுக்குள் உலகமே இரைந்தது. வளையம் உள்ளங்கையைக் கிழித்தது. அவர் விடவில்லை. தலை வெளியே வந்தபோது பாகீரதி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவள் தோள் வரை நின்றது. நிஸ்தாரிணி படியில் ஓடிவந்து கையை நீட்டினாள். ஏறும் தண்ணீர் பின்னாலேயே துரத்த, மூன்று பேருமாகத் தட்டுத் தடுமாறி மேல்படிக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

தெற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆறு இப்போது வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. நுரையும் வைக்கோலும் வாழைமட்டையும் வந்த வழியே திரும்பிப் போயின. நடு ஆற்றில் படகுகள் ஏறி இறங்கி ஆடின. இத்தனை தண்ணீரையும் திருப்பிவிட்டது எது, யார் சொல்லி அது நிமிஷம் தவறாமல் வருகிறது என்று நினைக்க நினைக்க மஹாதேவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் அதைக் காகிதத்தில் எழுதியவர், அவ்வளவுதான். அது நிஜமாகவே வந்துவிட்டது.

பாகீரதி நின்ற படி எங்கே என்று தேடினார். தெரியவில்லை. மேலிருந்து தெரிந்த படிகளை எண்ணிக்கொண்டு வந்து, இருபத்தெட்டில் கழித்துப் பார்த்தார். அந்தப் படிக்கு மேல் இப்போது ஐந்தடிக்குக் குறையாமல் தண்ணீர். பாகீரதியின் உயரம் ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. ஐந்தடி என்று வாழ்நாளெல்லாம் எழுதியிருக்கிறார். அது எவ்வளவு என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. முகத்தை மூடிக்கொண்டு, வீட்டுக்காரி பார்க்கிறாளே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதார். அழுதுகொண்டே முப்பத்திரண்டு நிமிஷத்தையும் சொல்லி முடித்தார். மேப் கங்கை என்ற பேச்சு வரும் என்று காத்திருந்தார். மாயவரத்துக்கு மூட்டை கட்டவும் மனசால் தயாராகிவிட்டார்.

பாகீரதி ஈரத் தலையை முடிந்துகொண்டாள். கண்ணை ஆற்றிலிருந்து எடுக்கவில்லை.

"நீங்க சீட்டுல எழுதினது தப்பா?"

"இல்லை. பதினொண்ணு பத்துன்னு எழுதினேன். சரியா பதினொண்ணு பத்துக்குத்தான் வந்திருக்கு. நான்தான் மணியைத் தப்பாப் பாத்துட்டேன்."

அவள் கிழிந்திருந்த அவர் உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"நெலக்கரிக் கிடங்கைப் பாத்துண்டு ஏதோ காகிதத்துல கிறுக்கறேள்னு நெனச்சிண்டிருந்தேன்" என்றாள். "இதையா எழுதிண்டிருந்தேள், முப்பது வருஷமா?"

மஹாதேவன் தலையை மட்டும் அசைத்தார்.

"மூணு முழுக்குன்னு சொல்லியிருந்தேன். நான் போட்டது ரெண்டு. மூணாவதைக் கங்கையே போட்டுட்டா" என்று எழுந்து புடவையைப் பிழிந்தாள் பாகீரதி. "இந்த ஊரே இருக்கட்டும். ஆனா குளிக்க எறங்கற நேரத்தை நிஸ்தாரிணி தீதிதான் சொல்லணும். நீங்க வாயைத் திறக்கப்படாது."

பென்ஷனுக்குப் பாக்கியிருந்த நாளெல்லாம் மஹாதேவன் வழக்கம்போல் ஆபீஸ் போனார். வேறு கடிகாரம் வாங்கவில்லை. ஐந்தடி என்று எழுத வேண்டிய இடம் வரும்போது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். தலை முடிந்துகொண்டு ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்த பாகீரதி ஞாபகத்துக்கு வருவாள். அதற்குப் பிறகுதான் எழுதுவார்.