மட்டன் றோல்ஸும் மரண அறிவித்தலும்

நான் இறந்துபோன செய்தியை என் போன்தான் எனக்கு வாசித்துக் காட்டியது. அப்போது நான் லண்டன் பிளேஸ்டோவில், என் வீட்டுக் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கண் தெரியாது. சீனி கூடி, சலரோகம் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் போனில் நானொரு ராசா. விரல் வைத்த இடத்தை அது வாசிக்கும், நான் கேட்பேன். எழுத்தென்றால் பிரச்சினையே இல்லை. படம் வந்தால்தான் அறுப்பு. "படம். ஆட்கள் இருக்கலாம். உணவு இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். இருக்கலாமாம்! ஆர் ஆட்கள், என்ன உணவு?

போன மாதம் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற என் மகள் அஜித்தாவுக்குக் குழந்தை பிறந்தது. எனக்கு முதல் பேத்தி. செயலியில் படம் போட்டாள். போன் சொன்னது: "படம். குழந்தை இருக்கலாம்." அது எனக்குத் தெரியாதா? மனிசி எமில்டாவைக் கேட்டேன்.

"நல்ல வடிவு."

"ஆரை மாதிரி?"

"வடிவா இருக்குது எண்டுறன், பிறகென்ன?"

எமில்டாவுக்கு மழையும் வடிவு, மாதா சொரூபமும் வடிவு. அஜித்தாவைக் கேட்டால் "சோ கியூட், அப்பா" என்கிறாள். படத்துக்குக் கீழே சனம் போட்டதையெல்லாம் போன் "சிவப்பு இதயம், சிவப்பு இதயம்" என்று சலிக்காமல் வாசித்தது. பேத்தியின் மூக்கு எப்படி என்று சொல்ல ஒரு நாதி இல்லை. விசர் வராமல் என்ன செய்யும்?

ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடிக்கும்போது கத்திவிட்டேன். "படம் படமாப் போடுறியள், அதில என்ன இருக்கெண்டு ரெண்டு வரி எழுத ஏலாதோ? கை முறிஞ்சு போச்சோ?"

எங்கள் ஆட்களுக்கு வெட்கம் வந்தால் குழு அமைப்பார்கள். அமைத்தார்கள். செயலியில் எங்கள் கோயில் பங்குக்கென்று இருக்கும் பக்கத்தில் போடும் படங்களுக்கு விளக்கம் எழுதும் பொறுப்பை றூபனிடம் கொடுத்தார்கள். பக்கத்து ஊர் ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவன். தமிழ் நன்றாக எழுதுவானாம். என்ன எழுதுவான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எங்கள் சனத்தில் ஆர் செத்தாலும் மரண அறிவித்தல் எழுதுகிறவன் அவன்தான். வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை.

மாதா திருநாளில் எடுத்த என் படத்துக்கு அவன் எழுதியதைத்தான் போன் வாசித்தது: "மன்னார் பேசாலையைப் பிறப்பிடமாகவும், லண்டன் பிளேஸ்டோவை வதிவிடமாகவும் கொண்ட திரு. பெனடிக்ற் அவர்கள் மலர்கள் சூழ, கண்களை மூடியவாறு, அமைதியாகக் காணப்படுகிறார். அன்னார் எமில்டாவின் அன்புக் கணவரும், அஜித்தாவின் பாசமிகு தந்தையுமாவார்."

உண்மையில் நான் பூச்சோடனைக்கு முன்னால் நின்று மட்டன் றோல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். வாய் நிறைய. அதை மரியாதை கருதி விட்டுவிட்டானாம். கீழே "ஆழ்ந்த இரங்கல்", "கூப்பிய கைகள்", "கூப்பிய கைகள்." கண் உள்ள சனம் ஒன்றுகூடப் படத்தைப் பார்க்கவில்லை. வாசித்தவுடன் அழத் தொடங்கிவிட்டது.

இதற்குள் ஆரோ ஒரு சமர்த்தர் நான் செத்ததைச் செயலிக்கும் அறிவித்துவிட்டார். என் கணக்கை நினைவுப் பக்கமாக்கிப் பூட்டிவிட்டார்கள். அஜித்தா பேத்தியின் படங்களைக் குடும்பத்துக்கு மட்டும்தான் போடுவாள். இப்போது எனக்கு அந்தக் "குழந்தை இருக்கலாம்" என்பதும் இல்லாமல் போய்விட்டது.

உயிரோடிருக்கிறேன் என்று நிரூபிக்கப் போனேன். போக்குவரத்து விளக்கு உள்ள படங்களைத் தெரிவுசெய்யச் சொன்னது செயலி. எமில்டா பார்த்துப் பார்த்து அமத்தினாள். அடுத்ததாக, "கமெராவைப் பார்த்துக் கண்களைத் திறக்கவும்."

"திறந்து என்ன கிழிக்கிறது!" என்று கத்தினேன். சரிபார்ப்புத் தோல்வியடைந்தது என்றது போன்.

பின்னேரம் கதவு மணி அடித்தது. நானே திறந்தேன். றஜீனா. எங்கள் தெருவில்தான் இருக்கிறாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று சோறு கறியோடு வந்திருந்தாள். வாசனை முதலில் வந்தது.

"ஐயோ பெனடிக்ற் அண்ணை, எமில்டாக்கா எப்பிடித் தாங்குறா?" என்று என்னையே கேட்டாள்.

"நான் சாகேல்லை, றஜீனா."

"ஓம் அண்ணை, உங்களுக்கு இப்ப அப்பிடித்தான் இருக்கும்."

அவளுக்குப் பின்னால் பாதிப் பங்கு நின்றது. விளங்கப்படுத்த எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. கடைசியில் நம்பினார்கள், ஆனால் போகவில்லை. "வந்தது வந்திட்டம், ஒரு செபமாலை சொல்லிப்போட்டுப் போவம்" என்றார்கள். "மரித்த எங்கள் சகோதரன் பெனடிக்ற்றின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று பழக்கத்தில் ஆரோ தொடங்க, நானும் முழந்தாளில் நின்று ஆமென் சொன்னேன். வேறென்ன செய்ய?

முடிந்ததும் ஒரு மூலையில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம். றூபன். எட்டி அவன் கையைப் பிடித்தேன்.

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மன்னிப்புக் கிடக்கட்டும். எமில்டான்ர போனை வாங்கு. என்ர பேத்தின்ர படத்தைச் சொல்லு."

தொண்டையைச் செருமினான். "கனடா ஸ்காபரோவைப் பிறப்பிடமாகவும்..."

"டேய்!"

"எனக்கு இப்பிடித்தான் வரும் அண்ணை."

"சரி, சொல்லித் துலை."

"ஸ்காபரோவையே வதிவிடமாகவும் கொண்ட செல்வி அனலியா அவர்கள், அஜித்தாவின் அன்பு மகளும், லண்டன் பெனடிக்ற், எமில்டா தம்பதிகளின் பாசமிகு பேத்தியுமாவார். அன்னார்..."

நிறுத்தினான். பிறகு அவன் குரல் கடைக்காரக் குரலாக மாறியது.

"அண்ணை, நெத்தியைச் சுருக்கிக்கொண்டு கிடக்கிறா. ரெண்டு கண்ணும் இறுக்கி மூடியிருக்கு. மூக்கு நல்லாச் சப்பை. காது ரெண்டும் வெளியில தள்ளிக்கொண்டு நிக்குது. வாய் ஒரு பக்கம் கோணி... ஆரையோ ஏசப் போறா போல."

"ஆரை மாதிரி இருக்கிறா?" என்று கேட்டேன்.

அவன் என் பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது. என்னைப் பார்த்திருப்பான்.

"வேற ஆரை? உங்களைத்தான் அண்ணை. திருநாள் படத்தில நிண்ட அதே முகம். றோல்ஸ் மட்டும் இல்லை."

இந்தக் கண்கள் பார்க்கத்தான் உதவாது, அழுவதற்கு ஒரு குறையுமில்லை. அத்தனை பேருக்கு முன்னால் விக்கி விக்கி அழுதேன். எமில்டா பக்கத்தில் வந்திருந்து தன் சட்டைக் கையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"நான் அப்பவே சொன்னனான் தானே," என்றாள், "நல்ல வடிவெண்டு."