பறவை உட்கார்ந்த திமிங்கலம்

தனசேகரனுக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டு ஓரம் சைக்கிள் கடை. ஆனால் கடையில் அவன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. புதிதாக எதையாவது கிளப்பிக்கொண்டே இருப்பான். அறுபத்தாறாம் வருஷம் புரட்டாசியில், மரக்காணத்துப் பக்கம் கடலில் திமிங்கலம் தென்படுகிறது என்று பேச்சு அடிபட்டதும், ஒரு வேனையும் குப்பத்தில் ஒரு மெஷின் படகையும் பேசி வைத்துவிட்டு, ‘திமிங்கலமும் கடற்பறவைகளும் நேரில் காணலாம்’ என்று நோட்டீஸ் அடித்துக் கடை கடையாகக் கொடுத்தான்.

முதலில் பெயர் கொடுத்தவர் பாத்திரக்கடை ஆதிநாராயணன். தன் பெயரோடு மனைவி ஜானகியின் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அவளுக்கோ அந்த வாரம்தான் திண்டிவனத்தில் கண்ணாடி போட்டிருந்தார்கள். நாற்பத்திரண்டு வயதில் முதல் கண்ணாடி. போட்டுக்கொண்டால் தரை மேலே எழும்பி வந்தது. படி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

“இதப் போட்டுக்குனு கடல்ல எப்டிங்க போறது?”

“ஊட்ல குந்தினிருந்தா மட்டும் பழகிடுமா? கெளம்பு.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பேர் படகில் ஏறினார்கள். எல்லாரும் செஞ்சிக் கடைத்தெரு ஆட்கள். தனசேகரன் வேனோடு கரையிலேயே நின்றுகொண்டான். படகுக்காரர் பொன்னுசாமி ஐம்பது வயது மனிதர், அதிகம் பேசாதவர். கரை தேய்ந்து ஒரு கோடாக ஆனபிறகு பறவைகள் வந்தன. வெள்ளையாக, ஒல்லியாக, வால் பிளந்து இருந்தன. அந்தரத்தில் நின்று, சட்டென்று கல் விழுவதுபோலத் தண்ணீருக்குள் விழுந்து, வாயில் மீனோடு எழும்பின.

“ஆலா” என்றார் பொன்னுசாமி. “அது கூடுற எடத்துலதான் மீன் இருக்கும். மீன் இருக்கிற எடத்துக்குத்தான் பெரிசும் வரும்.”

ஜானகிக்குத் திமிங்கலமே வராவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது. வாயைப் பிளந்தபடி ஆலாக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஜவுளிக்கடை செல்லப்பன் எழுந்து நின்று கத்தினான்.

“தோ! தோ! திமிங்கலம்!”

எல்லாரும் ஒரே பக்கம் பாய்ந்தார்கள். படகு சாய்ந்தது. “குந்துங்க! குந்துங்கய்யா!” என்று பொன்னுசாமி அலறினார். தூரத்தில், இரண்டு அலைகளுக்கு நடுவே, கறுப்பாக, வழவழப்பாக ஒரு முதுகு தெரிந்து மறைந்தது.

“தண்ணி பீச்சி அடிச்சிது, பாத்தீங்களா மொதலாளி?” என்றான் செல்லப்பன்.

“பாத்தேன், பாத்தேன்!” என்றார் ஆதிநாராயணன்.

ஜானகியும் முதுகைப் பார்த்தாள். தண்ணீர் பீச்சியதா என்று தெரியவில்லை. கண்ணாடியில் உப்புத்தண்ணீர் தெறித்திருந்தது. முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினாள். கறுப்பு முதுகு மறுபடி தெரிந்தது. ஆனால் இப்போது அதன்மேல் ஐந்தாறு பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“ஏங்க, திமிங்கலத்து மேல பறவை குந்துமா?”

ஆதிநாராயணன் பொன்னுசாமியைப் பார்த்தார். “செத்துப் போனது மேல குந்தும்” என்றார் படகுக்காரர்.

“செத்ததுன்னா எப்டி தண்ணி பீச்சும்?” என்றான் செல்லப்பன்.

“அப்ப உசிரோட இருக்குது” என்றார் ஆதிநாராயணன்.

“உசிரோட இருக்கிறது மேல இவ்ளோ நேரம் குந்துமா?” என்றாள் ஜானகி.

பொன்னுசாமிக்கு வேறு கவலை. கிழக்கே மேகம் கட்டியிருந்தது, காற்றும் மாறியிருந்தது. திமிங்கலத்துக்குப் பக்கத்தில் போக எந்தப் படகுக்காரனும் விரும்பமாட்டான். “பாத்தாச்சி இல்ல, திரும்பலாம்” என்று சுக்கானைத் திருப்பினார்.

ஜானகி பார்வையை எடுக்கவில்லை. முதுகின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று அசைந்தது. பறவையாக இருக்கும். கண்ணாடியைக் கழற்றினாள், எல்லாமே மறைந்துவிட்டது. போட்டாள், மறுபடி அசைந்தது. தான் பார்ப்பது தப்பாக இருந்தால் ஒன்பது பேரையும் காற்றில் மாட்டிவிட்டதாக ஆகும். சரியாக இருந்தால்? சரி என்றால் அது என்ன என்றே அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

“இன்னாங்க, அங்க ஒரு பறவைக்கு ஒரே ஒரு ரெக்கதான் இருக்குது.”

“புதுக் கண்ணாடி, ஜானகி. பழகல உனக்கு.”

அவள் கணவரை விட்டுவிட்டுப் பலகையைப் பிடித்துத் தவழ்ந்து பின்பக்கம் போனாள். முன்பின் தெரியாத அந்தப் படகுக்காரரின் கையைப் பிடித்தாள். “அண்ணே, ஒரு தரம் பாருங்க. ரெக்கன்னா ரெண்டு அடிக்கணும். அது ஒண்ணுதான் அடிக்குது. துணி மாதிரி இருக்குது. எனக்குச் சரியாத் தெரியல, நீங்க பாருங்க.”

பொன்னுசாமி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். ஒரு அலை போனது, இன்னொன்று போனது. அவர் முகம் மாறியது. சுக்கானை மறுபடி அந்தப் பக்கமே ஒடித்துத் திருப்பினார்.

கிட்டே போகப் போகத் திமிங்கலத்துக்குப் பலகை முளைத்தது. தார் பூசிய அடிப்பக்கம் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது ஒரு மரப்படகு. பறவைகள் எழும்பிப் போயின. அந்தப் பக்கம், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு ஆள் தொங்கிக்கொண்டிருந்தான். இன்னொரு கையில் வேட்டி. அதை ஆட்டுவதை அவன் நிறுத்தவே இல்லை, படகு வந்து ஒட்டிய பிறகும்கூட.

நாலு பேர் சேர்ந்து அவனைத் தூக்கிப் படகில் போட்டார்கள். உதடு வெடித்து, கண் வீங்கியிருந்தது. பக்கத்துக் குப்பத்துக் கன்னியப்பன் என்று பொன்னுசாமி அடையாளம் கண்டார். முந்தின நாள் சாயங்காலம் வலை எடுக்கத் தனியாகப் போனவன். ஜானகி தன் கூஜாத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். இரண்டு வாய் குடித்ததும் அவன் தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்தான்.

“அது போயிடுச்சா?”

“எது?”

“என் கூடவே இருந்துச்சேம்மா. விடிஞ்சதுலருந்து பக்கத்துலயே கெடந்துச்சி. பெரிசு.”

செல்லப்பன் துள்ளினான். “நான் சொல்லல? பீச்சி அடிச்சிதே!”

“உப்புத்தண்ணி குடிச்சவன் ஆயிரம் சொல்லுவான்” என்றார் பொன்னுசாமி. “படகு காத்துலதான் கவுந்திருக்கும்.”

“அதுவா கவுத்துச்சி?” என்று ஜானகி கேட்டாள்.

கன்னியப்பன் கவிழ்ந்த படகைத் திரும்பிப் பார்த்தான். “தெரியலம்மா. கவுறதுக்கு முன்ன பாத்தேனா, கவுந்தப்பறம் பாத்தேனா...” என்றவன் அப்படியே கண்ணை மூடிக்கொண்டான்.

செஞ்சிக்குத் திரும்பிய மறுநாளே கடைத்தெரு இரண்டாகிவிட்டது. ஆதிநாராயணன் வருகிறவர்களிடமெல்லாம் திமிங்கலத்தைக் கையால் அளந்து காட்டினார். கூட வந்தவர்களில் பாதிப் பேர், அது கவிழ்ந்த படகுதான் என்றார்கள். குடம் வாங்க வந்தவர்கள் குடத்தை விட்டுவிட்டு ஜானகியைக் கேட்டார்கள். அனந்தபுரத்திலிருந்து ஒரு அம்மாள் இதைக் கேட்பதற்கென்றே பஸ் ஏறி வந்தாள். “ஒரு ஆளக் காப்பாத்துனோம். அது தெரியும்” என்பாள் ஜானகி. மிச்சத்தை நினைத்தால் அவளுக்கே தலை சுற்றியது. முதலில் தெரிந்த முதுகின்மேல் பறவை இல்லையே? அல்லது கண்ணாடி அழுக்கில் தெரியவில்லையா? தினம் ஒரு பதில் வந்தது.

கார்த்திகையில் ஒருநாள் மதியம், அவர்களுக்குக் கொடுக்க மரக்காணத்து உப்பு ஒரு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு கன்னியப்பன் கடை வாசலில் வந்து நின்றான். முகம் தேறியிருந்தது. இப்போது தனியாகப் போவதில்லை, பொன்னுசாமி படகில்தான் போகிறான் என்றான். ஆதிநாராயணன் கொள்முதலுக்கு வெளியே போயிருந்தார். ஜானகி உள்ளே கூப்பிட்டு இலை போட்டாள். சோற்றைப் பிசைந்தவன் கையை அப்படியே நிறுத்தினான்.

“அம்மா, நான் ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். அன்னிக்கி அங்க அது இருந்துச்சா?”

ஜானகி திகைத்துப்போனாள். “நான் உங்களக் கேக்கலாம்னு இத்தினி நாளா நெனச்சினிருக்கேனே!”

“எங்க குப்பத்துல பைத்தியம்னு சிரிக்கிறாங்க. உங்களுக்குத்தான் நல்லாத் தெரிஞ்சிது, நீங்கதான் என்னக் கண்டுபுடிச்சீங்க. நீங்க சொன்னா நான் ஒத்துக்கறேன்.”

இருந்தது என்று சொன்னால் அவன் மனம் ஆறும். சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் வரவில்லை.

“மொதல்ல ஒரு முதுகு பாத்தேன், அது மேல பறவ இல்ல” என்றாள். “அப்பறம் பாத்ததுல இருந்துச்சி. ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா, எனக்குத் தெரியல.”

அவன் அதை வாய்க்குள் ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். பிறகு, “பைத்தியம்னு நீங்க சொல்லல” என்றான்.

“ஐயோ, அப்டின்னா நானும்தான்.”

அவன் சிரித்துவிட்டான். மோருக்கு இன்னொரு பிடி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நாலு மணி திண்டிவனம் பஸ்ஸில் அவனை ஏற்றிவிட்டுத் திரும்பினால், ஆதிநாராயணன் கடையில் உட்கார்ந்திருந்தார்.

“அந்த ஆள் வந்தானாமே? இன்னா சொன்னான், இருந்துச்சாமா?”

“அவருக்கும் தெரியலயாம்” என்றாள் ஜானகி, உப்பு மூட்டையை உள்ளே இழுத்தபடி.