பெயரைக் கெட்டியாகத் தைக்கக் கூடாது

அந்தச் சட்டைக் கொட்டகையில் பகல் எப்போதும் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். மூலையில் கொதிக்கும் அண்டாக்களிலிருந்து ஆவி எழுந்து, தகரக் கூரையைத் தடவிக்கொண்டே நகரும். மேலே கம்பியில் தொங்கும் பச்சைச் சட்டைகள் காற்றே இல்லாவிட்டாலும் லேசாக ஆடும். ஆவி வழியாகப் பார்த்தால் தலையில்லாத பையன்கள் கூட்டமாக நின்று மூச்சுவிடுவதுபோல இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் தலையைத் தூக்கி மேலே பார்க்கவே மாட்டாள். அப்புறம் பழகிவிட்டது. கூலி கிடைக்கிற இடத்தில் எதுதான் பழகாது?

போர்முனையிலிருந்து சட்டைகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, கிழிசலுக்கு ஒட்டுப்போட்டு, முதல் மேசையில் பழைய பெயரைப் பிரிப்பார்கள். கடைசி மேசையில் புதுப் பெயரைத் தைப்பார்கள். தைப்பது அவள் வேலை. அதனால் எல்லாருக்கும் அவள் பேர்க்காரி. முதல் மேசையில் பிரிக்கிறவளுக்குக் கொஞ்சம் வயது கூட, வாயும் கூட. அவளைப் பிளேடு என்பார்கள். கையில் இருக்கிற பிளேடுக்காகவா, பேசுகிற பேச்சுக்காகவா என்று யாரும் கேட்டதில்லை.

அங்கே ஒரே ஒரு விதி. பெயர்ப்பட்டியைக் கச்சாவாகத்தான் தைக்க வேண்டும். ஊசியை மேலாக ஓடவிட்டு நிறுத்திவிட வேண்டும். கெட்டித் தையல் கூடாது. மேற்பார்வையாளர் ஒவ்வொரு சட்டையாக எடுத்து, பட்டிக்கு அடியில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்புவார். பட்டி எழும்பினால் சட்டை பாஸ். எழும்பாவிட்டால் மேசைக்கே திரும்பி வரும்.

"திரும்பி வர்றப்ப பிரிக்கச் சுலபமா இருக்கணும்ல" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். போன பையன்கள் வீடு வந்து சேர்ந்து, சட்டையைக் கழற்றிக் கொடுப்பார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

அப்புறம் தம்பிக்கு அழைப்பு வந்தது.

அம்மா போனபிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறான். வளர்ந்த வேகத்தில் சதை பின்தங்கிவிட்டதால் தெருவில் அவனுக்கு ஒட்டடைக்கம்பு என்று பெயர். அழைப்பு வந்த அன்று அவன் கால் தரையில் நிற்கவில்லை.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் வண்டி. என் சட்டை உன் டேபிளுக்குத்தானே வரும்? கொஞ்சம் நல்லதா பாத்துப் பொறுக்கி வையேன்."

"என்னமோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி கேக்குற."

"பின்ன என்ன? தெருவுல எல்லாப் பயலும் போய்ட்டான். சோடாபுட்டியே போய்ட்டான்க்கா, கண்ணாடியக் கழட்டுனா செவுத்துல முட்டிக்குவான். நான் மட்டும் மாவு பிசைஞ்சுட்டு இருந்தா பொண்ணுங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"உன்ன எந்தப் பொண்ணுடா திரும்பிப் பாத்தா?"

"அதுக்குத்தான் போறேங்கிறேன்."

அவளும் சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை அவன் உயரத்துக்கு ஒரு சட்டை தேடினாள். முதல் சட்டையில் நெஞ்சுக்கு நேரே வட்டமாக ஒரு ஒட்டு. அடுத்ததில் விலாப்பக்கம். இன்னொன்றில் முதுகில். இத்தனை காலம் அந்த ஒட்டுகள் வெறும் ஒட்டுகளாகத்தான் இருந்தன. இன்றைக்கு ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் தம்பியின் எலும்பும் தோலும் வந்து நின்றன. கடைசியில் கையில் மட்டும் ஒட்டுள்ள சட்டை ஒன்று கிடைத்தது.

தைக்க உட்கார்ந்தாள். ஆவி கண்ணை இழுத்தது. மாவு வாசனை வந்தது, எங்கிருந்து வந்ததோ. சின்ன வயதில் அவன் தூங்கும்போது அவள் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். உருவப் பார்த்தால் பிடி இறுகும். ஊசி போனது, பின்னால் வந்தது, மறுபடி போனது. திடுக்கென்று விழித்துப் பார்த்தபோது, பட்டியைச் சுற்றி இரட்டை நூலில் கெட்டித் தையல் இரண்டு வரி ஓடியிருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. கை செய்துவிட்டது.

மேற்பார்வையாளர் நெம்பிப் பார்த்தார். நகம்தான் மடங்கியது.

"என்னம்மா இது? பேர் தைக்கச் சொன்னா கல்வெட்டு அடிச்சு வச்சிருக்க?"

"என் தம்பி சார்."

"யாரா இருந்தா என்ன? நாளைக்கு இத எவ உக்காந்து பிரிக்கிறது?"

"அவனே பிரிப்பான் சார். வீட்டுக்கு வந்து."

அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பாள். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல ஒரு நிமிடம் பார்த்தார். "சட்டை தொலைஞ்சா நான் பதில் சொல்லணும்மா. என்கிட்ட அத மட்டுந்தான் கேப்பாங்க" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, சட்டையை அவள் மடியில் போட்டார். "பிரிச்சுட்டு மறுபடி தை."

பிரிக்க அவளுக்குக் கை எழவில்லை. சட்டை இல்லாதவனை ஏற்றமாட்டார்கள். முற்றத்தில் மற்றப் பையன்கள் ஏறி உட்கார, மத்தியான வண்டி கிளம்பிப் போயேவிட்டது. தம்பி பனியனோடு கொட்டகைக்குள் பாய்ந்து வந்தான்.

"ஏன்க்கா என் மானத்த வாங்குற? எல்லாரும் ஏறிட்டான். நான் மட்டும் உரிச்ச கோழியாட்டம் நிக்கிறேன். சாயங்காலம் இன்னொரு வண்டி இருக்காம். சீக்கிரம் முடிச்சுக் குடு!"

அவள் வாய் திறக்குமுன் பிளேடு கூப்பிட்டாள். "இங்க வா தம்பி. உங்கக்கா போட்ட தையலப் பிரிக்க எனக்குப் பொழுது போயிரும். அதுவரைக்கும் என் வேலைய நீ பாரு. ஒண்ணும் வித்தையில்ல, நகத்த விட்டு இழு, வந்துரும்."

அவன் முறைத்துக்கொண்டே உட்கார்ந்தான். முதல் பட்டி எழும்பி வந்தது. இரண்டாவதும் வந்தது. பழுத்த இலை உதிர்வதற்குக்கூட இதைவிட நேரமாகும். "அட, சும்மா வருதே" என்று சிரித்தான். ஒவ்வொரு பெயராகக் கட்டியங்காரன் மாதிரி உரக்கப் படித்து, தகர டப்பாவில் போட்டான்.

"படிக்காத தம்பி" என்றாள் பிளேடு. "நான் படிக்கிறதே இல்ல. படிச்சா கை ஓடாது."

ஒரு பட்டியில் அவன் குரல் நின்றது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிடும்போது மட்டும் கேட்ட பெயர் அது. அடியில் அவர்கள் தெருவின் பெயர்.

"அக்கா, நம்ம சோடாபுட்டிக்கா! வந்துட்டானா? எப்ப வந்தான்? என்கிட்டகூடச் சொல்லல பாரு."

அவள் எட்டிப் பார்த்தாள். அவள் தைத்த பட்டிதான். மேலாக ஓடவிட்ட நூல், எந்தத் தடையும் சொல்லாமல் அவன் கையோடு வந்திருந்தது. பிளேடு குனிந்து நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டை வந்திருக்கு" என்றான் தம்பி, மெதுவாக. "அப்ப ஆளு எங்க?"

அவன் தலையைத் தூக்கி, ஆவிக்குள் வரிசையாக ஆடும் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். எந்த வரிசை வரைக்கும் போனானோ தெரியாது. ரொம்ப நேரம் திரும்பவில்லை.

சாயங்கால வண்டி முற்றத்தில் ஹாரன் அடித்தது. மேற்பார்வையாளர் வந்தார். "முடிஞ்சுதா?"

"எங்க சார்?" என்றாள் பிளேடு. "ரெண்டு பிளேடு மழுங்கிப்போச்சு." அவள் கையிலிருந்த பிளேடு புதிதாக மின்னியது. அவர் அதைப் பார்த்தார். பையனையும் பார்த்தார். வெளியே போய் வண்டிக்குக் கை காட்டினார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

அக்காவும் தம்பியும் வீட்டுக்கு நடந்தார்கள். தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. வெளிச்சம் தண்ணீரில் கரைத்ததுபோல இருந்தது. அவன் அந்தப் பட்டியைக் கைக்குள் பொத்திக்கொண்டே வந்தான். சோடாபுட்டியின் வீட்டு வாசலில் அவனுடைய அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா ஒட்டடைக்கம்பு, நீ இன்னும் போகலியா? என் பையன் உனக்கு முன்னாடி போய்ட்டான் பாத்தியா! நீ கொடுத்து வச்சது அவ்வளவுதான்."

"போகல அத்தை" என்றான் அவன். "போகவும் மாட்டேன்."

அவள் சிரித்தாள். அவன் படியில், அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். மூடிய கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவள் முகத்தையே பார்த்தான். அக்கா அவனை அவசரப்படுத்தவில்லை. தெருவிலேயே நின்றாள்.