அக்காவின் கொடி

மீட்டரில் இருநூற்றுத் தொண்ணூறு என்று வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நாள் முன்பு முந்நூற்றுப் பத்து. ஊர் ஏசியெல்லாம் சரி செய்கிறவன், சொந்த வீட்டுக் கீழறைக்கு வழி தெரியாமல் மத்தியான வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறேன்.

அந்த அறை பாதி தரைக்குள் இருக்கிறது. விரிசலையெல்லாம் அடைத்தும் மண்ணிலிருந்து ரேடான் என்கிற வாயு கசிகிறது; மீட்டர் காட்டுவது அதன் அளவைத்தான். நிறமில்லை, வாசனையில்லை, வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆகாது. அதற்காகத்தான் பத்து நாள் முன்பு இரண்டு டப்பாக்களில் கரி நிரப்பி இந்தப் பெட்டியைக் கட்டினேன். ஒரு டப்பாக் கரி அறைக்காற்றிலிருந்து வாயுவைப் பிடித்துக்கொள்ளும்; அந்த நேரத்தில் பெட்டி மற்ற டப்பா வழியே வெளிக்காற்றை ஓட்டி, அது முன்பு பிடித்ததை வெளியே தள்ளிவிடும்; பிறகு இரண்டும் முறை மாறிக்கொள்ளும். நூற்றுக்குக் கீழே இறங்காவிட்டால் அக்கா இங்கே இருக்கக் கூடாது. மேலே அவளுக்கென்று வேறு அறையும் இல்லை.

"வேலை செய்யலேன்னா விட்டுடுடா. நான் எங்கயாவது ரூம் பாத்துக்கறேன்," என்றாள் அக்கா, அச்சுத்தாளில் பிழை திருத்திக்கொண்டே. கணவனை விட்டு இரண்டு துணிப்பெட்டியோடு வந்து இரண்டு வருஷம். இன்னும் தண்ணீர் குடிக்கக்கூட எங்களைக் கேட்டுத்தான் குடிப்பாள்.

"நீ சும்மா இரு."

பெட்டியைத் திறந்து கரியை அள்ளினேன். சலசலவென்று உதிராமல் விரலில் அப்பிக்கொண்டது. ஈரம்! ஈரத்தைக் குடித்துவிட்டால் கரியில் வாயுவுக்கு எங்கே இடம்? நிமிர்ந்தேன். பெட்டிக்கு மேலே குறுக்காக ஒரு கயிறு. அதில் துண்டு, போர்வை, அவளுடைய துணிகள். நான் வேலைக்குப் போனதும் கட்டி, வருவதற்குள் அவிழ்த்துவிடுவாள் போலிருக்கிறது.

"இங்க எதுக்குக்கா துணி காயப்போடற?"

"பெட்டிகிட்ட காத்து நல்லா வருதுடா."

"மாடியில கொடி இருக்குல்ல?"

பேனா நின்றது. "அது உங்க கொடி."

"ரெண்டு வருஷமா இந்த ரூமுக்குள்ளயேவா காயப்போடற?"

தலையை மட்டும் ஆட்டினாள். என் அக்கா என் வீட்டில் ஒளித்துத் துணி உலர்த்தியிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி விறுவிறுவென்று இறங்கி வந்து, கயிற்றிலிருந்த அத்தனையையும் உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். "வாங்க அண்ணி. உங்க தம்பியோட ஓட்டைப் பனியன் தொங்கற கொடிதானே, அதுக்கா இவ்வளவு மரியாதை?"

புதுக் கரி போட்டேன். நான்காம் நாள் மீட்டரில் எண்பத்திரண்டு. சொல்வதற்கு மாடிக்கு ஓடினேன். அக்கா என் பனியன்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கொடியின் நட்டநடுவில் தன் போர்வையை விரித்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளி நில்லுடா," என்றாள். "வெயிலை மறைக்கிற."